தலைமடையும் கடைமடையும் ஆண்ட நாடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வேம்பு ஒரு நாட்டை ஆள்வாள். மற்ற நாள்களில் அவள் திருவாரூர் கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். வலிக்காமல் ஊசி குத்துவாள் என்று பேர். நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. படித்தவள், குறைந்த பேச்சு, வயது முப்பத்தைந்துக்கு மேல். அவளைப் பார்க்கிற யாருக்கும், இவளுக்கு ஒரு தலைநகரமும் படையும் உண்டு என்று தோன்றாது.

நான் பக்கத்து வீடு. பெயர் ரோஸ்லின். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆகவே யாரைப் பார்த்தாலும் மனசுக்குள் மார்க் போட்டுவிடுவேன். கேட்காமலேயே திட்டியும் விடுவேன். ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை கண்டு, வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் அவர்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொள்வேன். எனக்கு அந்த விளையாட்டை ஆடத் தெரியாது. பார்க்கத் தெரியும். குறை சொல்ல அது போதும்.

விளையாட்டு இதுதான். பழைய லேப்டாப்பில் ஓர் உலகம். கட்டம் கட்டமாக நிலம், ஆறு, மலை, கடல். ஆரம்பத்தில் எல்லாம் இருட்டு. நம் ஆள்கள் நடந்து போகப் போக அந்தந்தப் பக்கம் வெளுக்கும். நாம் ஒரு முறை நகர்த்தினால், அடுத்து மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக நகர்த்தும். பிறகு மறுபடி நம் முறை. அவசரமே கிடையாது. நடுவில் எழுந்து போய் மோர் குடித்துவிட்டு வரலாம், ராஜ்யம் அப்படியே காத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் பல வருஷங்கள் ஓடிவிடும். சாப்பிட்டுக் கை கழுவும்போது கற்காலமாக இருக்கும். மின்விசிறிச் சத்தத்தில் கொஞ்சம் கண் அசந்து விழித்தால் குதிரைப்படை வந்திருக்கும். டீக்குப் பால் பொங்கும்போது பீரங்கி. உலக சரித்திரம் முழுவதையும் அரைத் தூக்கத்தில் கழித்தவள் நான்.

நாட்டுக்கு வரும் வரிப்பணத்தை என்ன செய்வது என்று சொல்லத் திரையின் மேலே ஒரு கோடு, கோட்டில் ஒரு பொத்தான். வலது பக்கம் தள்ளினால் பணம் ஆராய்ச்சிக்குப் போகும். எழுத்து, கணக்கு, வானநூல், கப்பல், நீராவி என்று அறிவு ஒவ்வொன்றாகக் கிடைக்கும். இடது பக்கம் இழுத்தால் கஜானாவில் சேரும். சாலை, சந்தை, நெல் கொட்டிவைக்கிற குதிர், படை எல்லாம் அதை வைத்துத்தான். வலது பக்கமே வைத்திருந்தால் படித்துப் படித்தே பட்டினி கிடக்கலாம். இடது பக்கமே வைத்திருந்தால் தின்று கொழுத்த முட்டாளாக இருக்கலாம். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் ஆட்டமே.

வேம்பு நிறுத்துகிற இடம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இடது கோடி. அவள் நாட்டின் பெயர் ஓடம்போக்கி, எங்கள் ஊர் ஆற்றின் பெயர். அந்த நாட்டில் குதிர்கள் நிறைந்து வழியும். பஞ்சம் என்ற சொல்லே கிடையாது. பக்கத்து நாட்டுக்காரன் ஆகாயத்தில் ராக்கெட் விடுவான். ஓடம்போக்கியின் எல்லையில் ஒருவன் ஈட்டியை ஊன்றிக்கொண்டு அதை அண்ணாந்து பார்ப்பான். அவள் தோற்றதும் இல்லை, ஜெயித்ததும் இல்லை. இருந்துகொண்டிருந்தாள்.

“ராக்கெட் காலத்துல ஈட்டி வெச்சிருக்கிற ஒரே மகாராணி நீதான்டி,” என்பேன்.

அவள் திரையில் ஒரு கட்டத்தை விரலால் தொடுவாள். ஆற்று வளைவில் ஒரு துண்டு வயல், அவ்வளவுதான் அங்கே இருக்கும். “இந்த இடத்துல ஒரு வீடு இருக்கும்க்கா. வாசல்ல ஒரு நாய் படுத்திருக்கும். உள்ள ஒரு பொம்பள அடுப்பு மூட்டிக்கிட்டு இருப்பா. நான் வானநூல் கண்டுபிடிச்சா அவளுக்கு என்ன, கண்டுபிடிக்காட்டி என்ன? அவளுக்குக் குதிரு நெறையணும்.”

அப்படிச் சொல்லும்போது அவள் குரல் எங்கோ போய்விடும். நானும் அந்தக் கட்டத்தையே பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் புகை வருகிற மாதிரி இருக்கும். மறுவாரம் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த நாயின் நினைவு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டவர் மன்னிப்பாராக.

அவள் பிறந்தது தலைஞாயிறு பக்கம், வாய்க்கால் முடிகிற இடத்தில் கடைசி ஊர். அதற்கப்புறம் உப்புமண், அதற்கப்புறம் கடல். கடைமடை என்பார்கள். மேட்டூரில் அணை திறந்துவிட்டார்கள் என்று டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள். வாய்க்கால் தலைப்பில் இருக்கிற குத்தாலத்துக்காரன் அந்த வாரமே நாற்றங்கால் சேறடிப்பான். கடைமடைக்காரன் காய்ந்த வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேம்புவின் அப்பா முருகையன் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு வளர்ந்து, பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் பார்த்தவர். அவர் வயலுக்குத் தண்ணீர் வருவது எல்லோருக்கும் கடைசியில். சில வருஷம் வராது. வராத வருஷம் மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூக்கும்.

சின்ன வயதில் அவளும் தெருப்பிள்ளைகளும் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி, தண்ணீரைத் தேடி மேற்கே நடப்பார்களாம். இதை அவள் சொல்லி நான் பல தடவை கேட்டிருக்கிறேன்; மறுபடியும் சொல்லச் சொல்வேன். நடந்து நடந்து, கரையில் இருக்கிற ஊர்களின் பேர் தெரியாத தூரத்துக்குப் போய்விடுவார்கள். அப்போது தூரத்தில் ஒரு வளைவில் முதலில் சருகு நகரும். சத்தமே இருக்காது. சருகு, வைக்கோல், ஒற்றைச் செருப்பு, தேங்காய் ஓடு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நுரை கட்டி, நடக்கிற வேகத்தில் தண்ணீர் வரும். பிள்ளைகள் கத்த மாட்டார்கள். அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போவது போல, ஊர் வரைக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊருக்குள் வந்ததும் அவள் அம்மா வீட்டில் இருக்கிற பாத்திரம் அத்தனையிலும் மொண்டு வைப்பாளாம். குடிக்க ஆகாத தண்ணீர்தான். இருந்தாலும் மொண்டு வைப்பாளாம்.

அந்த வீட்டுப் பெண் பொத்தானை எந்தப் பக்கம் இழுப்பாள்?

அவளைக் கட்டிக்கொண்டவன் குத்தாலத்துக்காரன். நெடுமாறன். வாய்க்கால் தலைப்பில் வயல், கேட்டதும் தண்ணீர். தலைமடைப் புத்தி என்று ஒன்று உண்டு. நாளைக்கும் வரும் என்ற தைரியம். நல்லவன், கை தாராளம், முகம் பார்த்தாலே சிரிப்பு வரும். ஆனால் ஒரு வேலையில் நிற்க மாட்டான். முதலில் வாத்துப் பட்டி போட்டான். அறுவடை முடிந்த வயலில் சிந்திக்கிடக்கிற நெல்லைத் தின்று வாத்து தானே வளரும், நமக்கு என்ன செலவு என்றான். ஒரு மழையில் அவன் வாத்தெல்லாம் பக்கத்துப் பட்டியில் கலந்துவிட்டன. எது யாருடையது என்று வாத்துக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் மருந்து தெளிக்கிற ட்ரோன் வாங்கினான். அது முதல் வாரம் நன்றாகப் பறந்தது, இரண்டாவது வாரம் தென்னை மரத்தில் போய் உட்கார்ந்தது. இப்போது நடவு மெஷின் ஓட்டுகிறான். நடவு இருந்தால் வேலை, இல்லாவிட்டால் யோசனை.

ஒவ்வொரு தடவையும் மேலே தூக்கிவிட்டது வேம்புவின் சேமிப்பு. அவள் வளையல் அடகுக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே தேய்ந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததற்குச் சேர்த்து நான் சொல்வேன்.

“ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் தம்பி,” என்பேன்.

“அளந்துகிட்டே இருந்தா எப்பக்கா போடறது?” என்பான். அவனோடு சண்டை போடவும் முடியாது.

விளையாட்டைக் கொண்டுவந்தது அவன்தான். வேலை இல்லாத ஞாயிறுகளில் அவனும் ஆட உட்காருவான், ஆனால் ஒரே லேப்டாப், ஒரே நாடு. அவன் பொத்தானை வலது பக்கம் தள்ளுவான், அவள் இடது பக்கம் இழுப்பாள். ஒரு நாள் பேச்சு முற்றிவிட்டது. அப்போது நெடுமாறன் ஒரு வழி சொன்னான். “தண்ணி கொறஞ்சா முறை வெச்சுத்தானே பாசனம் பண்றோம்? கொஞ்ச நாள் தலைமடைக்கு, கொஞ்ச நாள் கடைமடைக்கு. அதே மாதிரி வெச்சுக்குவோம். ஒரு முறை நான் ஆளுறேன், அடுத்த முறை நீ ஆளு.”

உலகத்தில் வேறு எங்கேயும் ஒரு நாட்டுக்கு இப்படி ஒரு தலைவிதி வந்திருக்காது. அவன் முறையில் பொத்தான் முழுக்க வலது பக்கம். பண்டிதர்கள் எல்லாம் ஓடிவந்து ஓலையை எடுத்து உட்காருவார்கள். அவள் முறையில் முழுக்க இடது பக்கம். பண்டிதர்கள் ஓலையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எழுத்தைப் பாதி கண்டுபிடித்துவிட்டு அதிலேயே பல நூற்றாண்டு நின்ற நாடு அது. அதற்கு மேல் ஒரு கூத்து உண்டு. கஜானா காலியானால் அந்த விளையாட்டு தானாகவே ஏதாவது ஒரு கட்டடத்தை விற்றுவிடும். பெரும்பாலும் நூலகத்தை விற்கும். அடுத்த முறை வேம்பு வந்து சேர்த்த பணத்தில் அதை மறுபடி கட்டுவாள். ஒரே நூலகத்தைக் கட்டிக் கட்டியே ஓடம்போக்கியின் கொத்தனார்கள் பணக்காரர்கள் ஆகியிருப்பார்கள்.

உண்மையான முறைப் பாசனத்தில் என்ன நடக்கும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டாம். தலைமடைக்காரன் முறையில் தண்ணீர் அவன் வயலில் நிற்கும். கடைமடை முறை வரும்போது வாய்க்கால் வறண்டு கிடக்கும். விட்ட தண்ணீரில் பாதியை அந்த வறண்ட வாய்க்காலே குடித்துவிடும். அப்புறம்தான் வயலுக்கு. இது தெரிந்த அவளே அந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டினாள் என்றால், அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. வேம்பு யாரிடமும் சொல்லாமல் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. முழுநேரப் படிப்பு. உப்புப் பூத்த மண்ணில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கிறது, அதை வைத்து நெல்லைப் பிழைக்க வைக்க முடியுமா என்பது அவள் படிக்க விரும்பிய விஷயம். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறு ஒருவருக்கு. உதவித்தொகை என்று கொஞ்சம் வரும், அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலையை விட வேண்டும்.

இது எங்களுக்குத் தெரிந்ததே, அவள் “வேணாம்” என்று முடிவு செய்த பிறகுதான். நெடுமாறன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. திருவையாற்றுக்கு ஆள் அனுப்பி அசோகா அல்வா வாங்கிவரச் செய்து தெரு முழுக்கக் கொடுத்தான். “எம் பொண்டாட்டி டாக்டராகப் போறா! ஊசி போடற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல!”

வேம்பு அசோகாவை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நெய் விரல் வழியாக இறங்கியது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நுழைவுத் தேர்வு எழுதத் தெரிஞ்சுது, போய்ச் சேரத் தெரியலையா? எத்தனை பேருக்கு இது கெடைக்கும்? உங்க அம்மா மாதிரி சட்டியில மொண்டு வெச்சுக்கிட்டே இருக்கப் போறியா ஆயுசு பூரா?”

சொன்ன பிறகு அதிகம் என்று பட்டது. ஆனால் எனக்கு அவள் போக வேண்டும் என்று இருந்தது, அவ்வளவு ஆசையாக இருந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளை விடையைச் சரியாக எழுதிவிட்டு ரப்பரை எடுத்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“இவளுக்குப் பயம்க்கா,” என்றான் நெடுமாறன். “கடைமடைப் பயம். தண்ணி வராதோன்னு.”

வேம்பு எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “சரி. ஞாயித்துக்கிழமை புதுசா ஒரு ஆட்டம் ஆடுவோம். மாத்தி ஆடுவோம். ஆராய்ச்சி எங்கிட்ட, கஜானா உங்ககிட்ட. நான் என் முறையில முழுக்க வலது பக்கம் தள்ளுறேன். நீங்க உங்க முறையில இழுத்துச் சேக்கணும். வேற எதுவும் வேணாம்.”

“இவ்வளவுதானே!” என்று அவன் சிரித்தான்.

அந்த ஞாயிறு ஆவணி வெயில். ஜன்னலுக்கு வெளியே ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் மீன் குழம்பு கூட வைக்கவில்லை. முந்தின நாள் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடினேன்.

வேம்பு பொத்தானை வலது கோடிக்குத் தள்ளினாள். அதற்கப்புறம் நடந்ததை நான் கண்டேனா கனவு கண்டேனா என்று இன்றைக்கும் சந்தேகமாக இருக்கிறது. எழுத்து வந்தது. எழுத்தின் பின்னாலேயே கணக்கு வந்தது. திரையில் இருட்டு விலக விலக, யாரும் பார்க்காத ஆறுகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அவள் குனிந்து ஒவ்வொரு ஆற்றுக்கும் பேர் வைத்தாள். ஓலைச் சுவடிகளோடு அவள் ஆள்கள் மலை ஏறினார்கள். வானநூல் கிடைத்தபோது அவள் “ஆ” என்றாள், சின்னப் பெண் போல. அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்கவில்லை. நான் நாற்காலியில் அரைக் கண்ணாக இருந்தேன். எனக்கு அந்த நாட்டின் மேல் வானம் இறங்கிவந்து, மொட்டைமாடியில் நின்று யாரோ நட்சத்திரத்தை எண்ணுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் ஈட்டியை ஊன்றி நின்றவன் அதைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டான்.

இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு பசி இருந்ததா!

நெடுமாறனும் முதலில் சொன்ன சொல் தவறவில்லை. அவன் முறை வரும்போதெல்லாம் பொத்தானை இடது பக்கம் இழுத்துச் சேர்த்தான். சேர்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். குதிர் ஏறியது. அவள் முறையில் செலவு, அவன் முறையில் வரவு. முதல் தடவையாக ஓடம்போக்கி இரண்டு காலில் நடந்தது. முழு மார்க் போடலாம் என்று நான் நினைத்தேன்.

அப்போது அவளுடைய முதல் கப்பல் கடலில் இறங்கியது. அவள் எழுந்து டீ போடப் போனாள். அவள் போன நேரத்தில் அவன் முறை வந்தது.

டீயோடு வந்து அவள் திரையைப் பார்த்தாள். கடலோரத்தில், கப்பல் கிளம்பிய இடத்தில், பெரிய கலங்கரை விளக்கம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

“உனக்குத்தான் வாங்கினேன், வேம்பு,” என்றான் நெடுமாறன். அவன் முகமெல்லாம் சந்தோஷம். “ஒன் கப்பல் போகுதுல்ல, வெளிச்சம் வேணாமா?”

“எதுல வாங்கினீங்க?”

“கஜானாவுல இருந்துச்சுல்ல.”

அவள் முறை. பொத்தானை அவன் இழுக்கவே மறந்திருந்தான், அது வலது கோடியிலேயே இருந்தது; அவள் அதைத் தொடவில்லை. ‘முறை முடிந்தது’ என்பதை மட்டும் அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது. கஜானா காலியாகிவிட்டதால் தலைநகரத்து நூலகம் விற்கப்பட்டது. பழைய குருடி, கதவைத் திறடி!

எனக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. அதைவிட மோசம், அவன் மேல் பாவமாகவும் இருந்தது. வாத்தையும் அவளுக்காகத்தான் வாங்கினான். ட்ரோனையும் அவளுக்காகத்தான் வாங்கினான். அவன் கெடுத்த ஒவ்வொன்றும் அவளுக்குக் கொடுத்த பரிசு.

வேம்பு லேப்டாப்பை மூடினாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எனக்குப் பயம்னு ரெண்டு பேரும் நெனச்சீங்க. தண்ணி வருமோ வராதோன்னு எனக்குப் பயமே கெடையாது. வராத வருஷத்தையும் பாத்துத்தான் வளந்தேன். நான் படிக்கப் போனா, வர்றது ஓடிப்போகாம வீட்டுக்கு மடை அடைக்க ஆள் இல்ல. அதான் வேணாம்னேன். வேற ஒண்ணுமில்ல.”

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நெடுமாறன் மூடின லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் என் வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டிப் பார்த்தேன். வேம்பு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்திருந்தாள். நெடுமாறனைக் காணவில்லை. பைக்கையும் காணவில்லை.

“எங்க போனான்?”

“தெரியலக்கா. எழுந்திரிக்கும்போதே இல்ல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்றைக்கு ஒரு நாளாவது அவள் எதிரில் நிற்க வேண்டாமா? நான் பள்ளிக்குப் போகிற பஸ்தான் பல்கலைக்கழகத்துக்கும் போகிறது. “கெளம்புடி, நான் கூட்டிட்டுப் போறேன்,” என்று அவள் பையைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. இரண்டு பேரும் வாசலில் ஒரு பையை இழுத்துக்கொண்டு நின்றபோது பைக் வந்தது.

நெடுமாறன் தலையிலும் புருவத்திலும் தவிட்டுத் தூசி. சட்டைக் கை மடிக்கப்பட்டிருந்தது.

“ஜாஃபர் சாதிக் பாய் மில்லுல சேந்துட்டேன்,” என்றான். ஜாஃபர் சாதிக்கின் அரிசி மில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான். மெஷின் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் இவனை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். சம்பளத்துக்குக் கைகட்டி நிற்க என்னால் ஆகாது என்று இவன் சிரித்துவிட்டு வருவான். “கொஞ்ச நேரம் பர்மிஷன் கேட்டு வந்திருக்கேன். ஒன்னைய பஸ் ஏத்திவிட்டுட்டுப் போகணும்.”

வேம்பு பையை விட்டாள். பை என் கையில் வந்தது.

“எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள்.

நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் என்று அவன் சொல்லப்போகிறான் என்று நான் நினைத்தேன். அவன் வாயும் அதற்குத் திறந்தது. மூடிக்கொண்டான். தரையைப் பார்த்தான்.

“தெரியல, வேம்பு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். நாளைக்குக் காலைல மறுபடி போவேன். அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்.”

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் புருவத்தில் இருந்த தவிட்டை முந்தானையால் தட்டினாள். பிறகு உள்ளே போய், சான்றிதழ் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் அடுக்கித் தயாராகவே இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவனிடம் சொன்னாள். “நம்பிப் போறேன்னு நெனைக்காதீங்க. எனக்கு நம்பிக்கையெல்லாம் வரல. போகணும்னு இருக்கு. அதனால போறேன்.”

“சரி,” என்றான் அவன்.

பஸ் கிளம்பியது. அவளுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். பஸ் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பஸ் ஸ்டாண்டு வாசல் தெரு வழியாகத்தான் வர வேண்டும். வரும்போது நெடுமாறன் ரோட்டோரம் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்பவில்லை. இன்னொரு உதை. கிளம்பவில்லை. செல்போனை எடுத்து நேரத்தைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவன் சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவன். பைக்கை அப்படியே சுவரில் சாத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மில் இருக்கிற பக்கம் ஓட ஆரம்பித்தான். கைவண்டிக்காரனுக்கு வழிவிட்டு, பூக்காரியைச் சுற்றி, ஒரு மாட்டைத் தாண்டி ஓடினான். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது.

“வேலைக்கு ஓடறாருக்கா,” என்றாள் வேம்பு. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். நானும் அழுதேன். கண்டக்டர் இரண்டு இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டிக்கொண்டே நின்றார்.